வீட்டினுள் வைக்கும் அன்ரனாவும் தொலைக்காட்சி அலைகளும்

க.பொ.த. (சாதாரண தர) விஞ்ஞானம் – மின்காந்த அலைகள் – பிரயோகப் பாடம்

இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீர்,

• தொலைக்காட்சி அலை வீட்டுக்கு வந்து சேரும் வழியை விளக்குவீர்.
• அலைச் சமன்பாட்டைப் பயன்படுத்தி அன்ரனாக் கோலின் நீளத்தைக் கணிப்பீர்.
• படத்தில் தோன்றும் குறையைப் பார்த்து அதன் காரணத்தைக் கூறுவீர்.
• அன்ரனாவைப் பாதுகாப்பாகப் பொருத்தும் முறைகளை எடுத்துரைப்பீர்.

1. அறிமுகம்

மின்காந்த அலைகள் என்ற அலகில் கணக்குகளைச் செய்யும் மாணவர் பலர், அவ்வலைகள் தம் வீட்டுக் கூரையின் மேலாக எந்நேரமும் சென்று கொண்டிருப்பதை நினைப்பதில்லை. மாத்தளை மாவட்ட மாணவருக்கு இப்பாடம் மிகவும் நெருக்கமானது. தம்புள்ளைப் பக்கம் சமவெளி. ரத்தொட்டை, எல்கடுவ, லக்கலைப் பக்கம் மலையும் பள்ளத்தாக்கும். ஒரே மாவட்டத்தில் ஒரு வீட்டில் படம் தெளிவாக விழும். இன்னொரு வீட்டில் புள்ளியும் இரட்டை உருவமுமாக விழும். இந்த வேறுபாட்டுக்கு விஞ்ஞானக் காரணம் உண்டு.

இது வெறும் பொழுதுபோக்குப் பற்றிய விடயமும் அன்று. 2020 ஆம் ஆண்டில் கொவிட்-19 நோய்ப் பரவலால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, தமிழ் மொழி மூலப் பாடங்கள் நேத்ரா அலைவரிசையில் ஒளிபரப்பாயின. இணைய வசதியோ மாதக் கட்டணம் செலுத்தும் டிஷ் இணைப்போ இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு, ஓர் அன்ரனாவும் பழைய தொலைக்காட்சிப் பெட்டியுமே வகுப்பறையாக இருந்தன. அன்ரனாவைச் சரியான இடத்தில், சரியான திசையில் வைக்கத் தெரிந்திருப்பது அந்நாட்களில் ஒரு பிள்ளையின் கல்வியோடு சேர்ந்த விடயமாயிற்று.

2. இலங்கையில் தொலைக்காட்சி – சுருக்கமான வரலாறு

இலங்கையின் முதலாவது தொலைக்காட்சி நிலையமான சுயாதீன தொலைக்காட்சி (ஐ.ரீ.என்.) 1979 ஏப்ரல் 13 இல் ஆரம்பமாயிற்று. தொடக்கத்தில் அதன் ஒளிபரப்பு கொழும்பையும் அதனைச் சூழ்ந்த பகுதியையுமே சென்றடைந்தது. 1982 பெப்ரவரியில் ஜப்பானிய அரசின் உதவியுடன் ரூபவாஹினி தொடங்கப்பட்டது. அதன் முதன்மை ஒளிபரப்பு நிலையம் நாட்டின் அதியுயர் சிகரமான பீதுருதாலகாலவில் (2524 மீற்றர்) அமைந்தது. பின்னர் 1998 இல் சக்தி, 2009 இல் வசந்தம் முதலிய தமிழ் அலைவரிசைகள் வந்தன.

ஒளிபரப்புக் கோபுரத்தை ஏன் மலையுச்சியில் அமைக்கின்றனர்? பரீட்சையில் அடிக்கடி தலைகாட்டக்கூடிய இவ்வினாவுக்கான விடை அடுத்த பகுதியில் உள்ளது.

3. தொலைக்காட்சி அலை நேர்கோட்டில் செல்லும்

தொலைக்காட்சி ஒளிபரப்புக்கு இரண்டு மீடிறன் வீச்சுக்கள் பெரிதும் பயன்படுகின்றன.

(அ) வீ.எச்.எவ். – 174 முதல் 230 மெகாஹேர்ட்ஸ் வரை
(ஆ) யூ.எச்.எவ். – 470 மெகாஹேர்ட்ஸும் அதற்கு மேலும்

சிற்றலை வானொலியின் அலைகள் வளிமண்டலத்தின் மேற்பகுதியிலுள்ள அயன் மண்டலத்தில் பட்டுத் திரும்பித் தொலைதூர நாடுகளையும் சென்றடையும். தொலைக்காட்சி அலைகள் பொதுவாக அவ்வாறு திரும்புவதில்லை. அயன் மண்டலத்தை ஊடுருவி வெளியே சென்றுவிடும். எனவே அவை கோபுரத்திலிருந்து வீட்டுக்கு ஏறத்தாழ நேர்கோட்டிலேயே வரவேண்டும். புவியின் மேற்பரப்பு வளைந்திருப்பதால், கோபுரம் உயர உயர அதனைக் “காணக்கூடிய” தூரம் கூடும். தட்டையான நிலத்துக்குப் பொருந்தும் அண்ணளவான சூத்திரம் வருமாறு:

தூரம் (கிலோமீற்றரில்) = 4.12 × √உயரம் (மீற்றரில்)

உதாரணம் 1: 2524 மீற்றர் உயரத்திலுள்ள செலுத்தியின் அலை எவ்வளவு தூரம் செல்லும்?

√2524 = 50.2
தூரம் = 4.12 × 50.2 = ஏறத்தாழ 207 கிலோமீற்றர்

உதாரணம் 2: தட்டை நிலத்தில் 174 மீற்றர் உயரக் கோபுரம் ஒன்றின் அலை எவ்வளவு தூரம் செல்லும்?

√174 = 13.2
தூரம் = 4.12 × 13.2 = ஏறத்தாழ 54 கிலோமீற்றர்

இரண்டாம் உதாரணத்திலுள்ள கோபுரம் கற்பனையன்று. வன்னியில் கொக்காவிலில் இருந்த நிலையம் 1990 இல் போரின்போது அழிந்தது; அவ்விடத்தில் 174 மீற்றர் உயரமான புதிய கோபுரம் 2011 யூன் மாதம் திறக்கப்பட்டது. மலைநாட்டிலிருந்து வடக்கு மிகவும் தொலைவில் இருப்பதால் அங்கே தனியான கோபுரம் தேவைப்பட்டது என்பதை மேலேயுள்ள கணிப்பே காட்டுகின்றது.

4. மாத்தளையின் நில அமைப்பும் அலையும்

மாத்தளை நகரிலிருந்து பீதுருதாலகால ஏறத்தாழ 54 கிலோமீற்றர் தூரத்தில், தெற்கே சற்றுக் கிழக்காக உள்ளது. தம்புள்ளையிலிருந்து அதே சிகரம் ஏறத்தாழ 96 கிலோமீற்றர். தூரத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் 207 கிலோமீற்றருக்கு உட்பட்டவையே. ஆயினும், தூரம் மட்டும் போதாது. இடையில் தடை இருத்தல் கூடாது.

மாத்தளை நகரம் பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது. கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் எழுந்து நிற்கின்றது; அதன் அதியுயர் சிகரமான கொம்பானிய 1906 மீற்றர் உயரமானது. தெற்கே கண்டி மாவட்டத்து மலைகள் உள்ளன. மலையின் மறைவில் உள்ள வீட்டுக்கு அலை நேரே வராது. ஒரு பகுதி மலை முகட்டில் சிறிது வளைந்து (கோணல்) கீழிறங்கும். இன்னொரு பகுதி எதிர்ப்பக்க மலைச்சரிவில் பட்டுத் தெறித்து வரும். இரண்டும் வலிமை குன்றிய அலைகளே. மீடிறன் கூடும்போது கோணல் குறையும் என்பதால், மலை மறைவில் யூ.எச்.எவ். அலைவரிசைகள் வீ.எச்.எவ். அலைவரிசைகளை விட அதிகமாகப் பாதிக்கப்படும்.

இதனாற்றான் மலைப் பிரதேசங்களில் உயர்ந்த இடங்களைத் தேடிக் கோபுரங்களை எழுப்புகின்றனர். ரத்தொட்டைக்கு அப்பால் ரிவஸ்டன் உச்சியில் நிற்கும் கோபுரத்தை உம்மிற் பலர் கண்டிருப்பீர்.

5. அன்ரனாக் கோலின் நீளம்

அன்ரனா என்பது மின்காந்த அலையின் சக்தியைப் பெற்று, அதனைச் சிறிய ஆடலோட்டமாக மாற்றும் கடத்தியாகும். கடத்தியில் உள்ள இலத்திரன்கள் அலையின் மின்புலத்துக்கு ஏற்ப முன்னும் பின்னும் அசைகின்றன. கோலின் மொத்த நீளம் அலைநீளத்தின் அரைப்பங்காக இருக்கும்போது பரிவு ஏற்பட்டு, ஓட்டம் உயர்வாகக் கிடைக்கும். 1887 ஆம் ஆண்டளவில் ஹேர்ட்ஸ் மின்காந்த அலைகளைப் பரிசோதனையால் நிறுவியபோது பயன்படுத்தியதும் இவ்வாறான இரண்டு கைகளைக் கொண்ட அமைப்பே. இன்று நாம் “முயல் காது” என்று அழைக்கும் வீட்டு அன்ரனா அதன் வழித்தோன்றலாகும்.

நினைவிற் கொள்க: கதி = மீடிறன் × அலைநீளம். வளியில் மின்காந்த அலையின் கதி செக்கனுக்கு 3 × 10⁸ மீற்றர்.

உதாரணம் 3: 200 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசைக்கு முயல் காதின் ஒவ்வொரு கோலும் எவ்வளவு நீளமாக இருத்தல் வேண்டும்?

அலைநீளம் = (3 × 10⁸) ÷ (200 × 10⁶) = 1.5 மீற்றர்
அரை அலைநீளம் = 0.75 மீற்றர் = 75 சென்ரிமீற்றர்
ஒரு கோலின் நீளம் = 75 ÷ 2 = 37.5 சென்ரிமீற்றர்

நடைமுறையில் கோலின் தடிப்புக் காரணமாக ஏறத்தாழ நூற்றுக்கு 5 பங்கு குறைத்து, 36 சென்ரிமீற்றர் அளவில் வைக்கலாம். முயல் காதை முழுவதும் இழுத்து நீட்டினால் படம் நன்றாக வரும் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. நீளம் அலைவரிசைக்குப் பொருந்த வேண்டும்.

உதாரணம் 4: 600 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசைக்கு என்ன நீளம்?

அலைநீளம் = (3 × 10⁸) ÷ (600 × 10⁶) = 0.5 மீற்றர்
ஒரு கோலின் நீளம் = 50 ÷ 4 = 12.5 சென்ரிமீற்றர்

யூ.எச்.எவ். அலைக்கு நீண்ட கோல் பொருந்தாது என்பது இதிலிருந்து புலனாகும். எனவே வீட்டு அன்ரனாவின் நடுவில் ஒரு வளையத்தையும் பொருத்தியிருப்பர். வளையத்தின் சுற்றளவு ஏறத்தாழ ஓர் அலைநீளமாகும். சுற்றளவு 50 சென்ரிமீற்றர் எனின் விட்டம் ஏறத்தாழ 16 சென்ரிமீற்றர். உமது வீட்டு அன்ரனாவின் வளையத்தை அடிமட்டத்தால் அளந்து பாரும்.

6. அன்ரனாவின் திசை

முயல் காதின் கோல்களைக் கிடையாக விரித்தால், அது தன் கோல்களுக்குச் செங்குத்தான இரு பக்கங்களிலிருந்தும் வரும் அலையை நன்றாக ஏற்கும். கோல்களின் நுனித் திசையிலிருந்து வரும் அலையை ஏறக்குறைய ஏற்பதேயில்லை. எனவே கோலின் நுனியைக் கோபுரத்தை நோக்கி நீட்டுவது பிழையாகும். கோபுரம் தெற்கே இருந்தால், கோல்கள் கிழக்கு மேற்காக இருத்தல் வேண்டும்.

இதில் மாத்தளை நகர மாணவர் கவனிக்க வேண்டிய ஒரு நன்மை உண்டு. அலை தெற்கிலிருந்து வருகின்றது. தெறிப்பை உண்டாக்கும் நக்கிள்ஸ் மலைகள் கிழக்கே உள்ளன. கோல்களைக் கிழக்கு மேற்காக வைத்தால் நேர் அலை நன்கு கிடைக்கும். அதேவேளை கிழக்கிலிருந்து தெறித்து வரும் அலை கோலின் நுனியை நோக்கி வருவதால் பெரிதும் தவிர்க்கப்படும்.

கோபுரம் எத்திசையில் உள்ளது என்று தெரியாவிடின் பின்வரும் முறையைக் கையாள்க.

படி 1: கோல்களைக் கிடையாக விரித்து, அன்ரனாவை மெதுவாகச் சுற்றுக.
படி 2: படம் மிகவும் மோசமாகும் நிலையைக் கண்டுபிடிக்க. இந்நிலையில் கோலின் நுனி கோபுரத்தை நோக்கியிருக்கும்.
படி 3: அங்கிருந்து 90 பாகை திருப்புக.

நல்ல நிலையைத் தேடுவதை விட மோசமான நிலையைத் தேடுவது இலகு. ஏனெனில் நல்ல நிலை அகன்ற கோணத்தில் பரந்திருக்கும். மோசமான நிலை ஒடுங்கிய கோணத்தில் சட்டெனத் தெரியும்.

7. லயன் வீடும் தகரக் கூரையும்

தோட்டப் பகுதிகளில் தகரக் கூரையுள்ள லயன் அறைகளில் முயல் காது வேலை செய்வதில்லை என்று கூறக் கேட்டிருப்பீர். காரணம் எளிது. தகரம் ஒரு கடத்தி. மின்காந்த அலை கடத்தியின் மேற்பரப்பில் பட்டால் தெறிக்கும், உள்ளே புகாது. எனவே கூரை வழியாக அலை வருவதில்லை. யன்னல், கதவு, செங்கல் அல்லது கற்சுவர் ஆகியவற்றின் ஊடாக வருவதே மிஞ்சும். சுவரிலும் ஒரு பகுதி உறிஞ்சப்படும். மழையில் நனைந்த சுவர் இன்னும் கூடுதலாக உறிஞ்சும். கம்பிகள் நிறைந்த கொங்கிறீற்றுத் தட்டின் கீழேயும் இதே நிலைதான்.

ஆகவே இத்தகைய வீட்டில் செய்யத்தக்கவை:

• அன்ரனாவைத் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் வைக்காது, கோபுரத் திசையிலுள்ள யன்னலின் அருகே வைத்தல்.
• இரும்பு அலுமாரி, தகரப் பெட்டி, குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றிலிருந்து விலக்கி வைத்தல்.
• கூரைக்கு மிக அருகில் உயர்த்தாமல், யன்னல் திறப்பின் மட்டத்தில் வைத்தல்.
• பயனில்லையெனின், கூரை ஓரத்துக்கு வெளியே யாகி அன்ரனா ஒன்றைப் பொருத்துதல்.

யாகி அன்ரனா 1926 ஆம் ஆண்டளவில் ஜப்பானியரான உடா, யாகி ஆகிய இருவரால் அறிமுகமானது. அரை அலைநீளக் கோலுக்குப் பின்னே சற்று நீண்ட தெறிப்புக் கோலும், முன்னே சற்றுக் குறுகிய கோல்கள் பலவும் இருக்கும். இதனால் ஒரு திசையிலிருந்து வரும் அலையை மட்டும் கூடுதலாக ஏற்கும். குறுகிய கோல்கள் உள்ள முனையே கோபுரத்தை நோக்க வேண்டும்.

8. படத்தின் குறையைக் கொண்டு காரணம் அறிதல்

(அ) படம் முழுவதும் புள்ளிகள்: அலை வலிமை குறைவு. இடத்தையோ உயரத்தையோ மாற்றுக.

(ஆ) இரட்டை உருவம்: தெறித்த அலை பிந்தி வந்து சேர்கின்றது. திசையை மாற்றுக.

(இ) குறுக்குக் கோடுகள், திடீர்ப் புள்ளி வரிசைகள்: மோட்டார், மோட்டார் சைக்கிள் முதலியவற்றின் தீப்பொறியால் எழும் இடையூறு. அன்ரனாவை அவற்றிலிருந்து விலக்குக.

(ஈ) அன்ரனாவைத் தொட்டால் மட்டும் படம் வருதல்: இணைப்புக் கம்பி தளர்ந்திருக்கலாம். செருகியைச் சோதிக்க.

உதாரணம் 5: 40 சென்ரிமீற்றர் அகலமான திரையில், மூல உருவத்திலிருந்து 1 சென்ரிமீற்றர் வலப்புறமாக நிழல் உருவம் தோன்றுகின்றது. தெறித்த அலை எவ்வளவு மேலதிக தூரம் பயணஞ் செய்துள்ளது? (ஒப்புமை முறையில் ஒரு வரியின் கண்ணுக்குத் தெரியும் பகுதி திரையில் வரையப்பட 52 மைக்குரோ செக்கன் ஆகும்.)

1 சென்ரிமீற்றருக்கான நேரம் = 52 ÷ 40 = 1.3 மைக்குரோ செக்கன்
மேலதிக தூரம் = 3 × 10⁸ × 1.3 × 10⁻⁶ = 390 மீற்றர்

ஓர் அடிமட்டத்தைக் கொண்டு திரையில் அளந்து, அலை எவ்வளவு தூரம் சுற்றி வந்தது என்று கூறிவிடலாம்! மலை சூழ்ந்த ஊரில் இவ்வளவு தூர வேறுபாடு எளிதில் ஏற்படும்.

பூஸ்டர் பற்றி: பூஸ்டர் எனப்படும் விரியலாக்கி, நல்ல சமிக்ஞையையும் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். அன்ரனாவில் சமிக்ஞையே இல்லையெனின் பூஸ்டர் வாங்குவது பணவிரயம். இரட்டை உருவத்தையும் அது நீக்காது. நீண்ட கம்பியில் ஏற்படும் இழப்பை ஈடுசெய்வதே அதன் பயன். எனவே அதனை அன்ரனாவுக்கு அருகே பொருத்த வேண்டும்.

9. டிஜிட்டல் ஒளிபரப்பு

ஒப்புமை முறையில் அலை வலிமை குறையக் குறையப் படம் சிறிது சிறிதாகக் கெடும். டிஜிட்டல் முறையில் அப்படியன்று. குறிப்பிட்ட வலிமை வரை படம் குறையின்றி இருக்கும். அதற்குக் கீழே சதுரங்களாக உடைந்து முற்றாக நின்றுவிடும். ஜப்பானில் பெரும்பாலான பிரதேசங்களில் ஒப்புமை ஒளிபரப்பு 2011 யூலையில் நிறுத்தப்பட்டது. இலங்கை 2014 இல் ஜப்பானிய முறையான ஐ.எஸ்.டீ.பீ.-ரீ. தரத்தைத் தெரிவு செய்தது.

“டிஜிட்டல் அன்ரனா” என்று தனியான வகை எதுவும் இல்லை என்பதை நினைவிற் கொள்க. அன்ரனாவுக்குத் தெரிவது மீடிறன் மட்டுமே. பழைய யூ.எச்.எவ். அன்ரனா, அதே மீடிறனில் வரும் டிஜிட்டல் அலையையும் ஏற்கும். மாற வேண்டியது பெட்டியினுள் உள்ள வாங்கியே.

10. பாதுகாப்பு

எந்த நிகழ்ச்சியும் ஓர் உயிரை விடப் பெறுமதியானதன்று. பின்வருவனவற்றைக் கட்டாயம் கடைப்பிடிக்குக.

• மார்ச்–ஏப்ரல், ஒக்டோபர்–நவம்பர் ஆகிய பருவப்பெயர்ச்சி இடைக்காலங்களில் பிற்பகலில் இடிமின்னல் அதிகம். இடி கேட்குமுன்னரே, வானம் இருளும்போதே, மின் செருகியையும் அன்ரனாச் செருகியையும் கழற்றுக. ஒன்றை மட்டும் கழற்றுவது போதாது.
• இடி முழங்கத் தொடங்கிய பின்னர் அன்ரனாக் கம்பியைத் தொடுதல் ஆகாது.
• வெளி அன்ரனாவின் இரும்புக் குழாயை மின்கம்பிகளுக்கு அருகே நிறுத்துதல் கூடாது. குழாய் சரிந்தாலும் கம்பியைத் தொடாத தூரம் இருத்தல் வேண்டும்.
• மழையில் நனைந்த தகரக் கூரையில் ஏறுதல் கூடாது. பிள்ளைகள் இவ்வேலையைத் தனியே செய்யாது, பெரியவர் ஒருவரின் உதவியைப் பெறுக.

பயிற்சி வினாக்கள்

பகுதி 1 – சரியான விடையைத் தெரிவு செய்க.

1. 200 மெகாஹேர்ட்ஸ் மீடிறனுள்ள அலையின் அலைநீளம்,
(1) 0.67 மீற்றர் (2) 1.5 மீற்றர் (3) 15 மீற்றர் (4) 150 மீற்றர்

2. கோபுரம் வீட்டுக்குத் தெற்கே உள்ளது. முயல் காதின் கோல்கள் இருக்க வேண்டிய திசை,
(1) வடக்கு–தெற்கு (2) நிலைக்குத்து (3) கிழக்கு–மேற்கு (4) எத்திசையும்

3. தகரக் கூரையின் கீழ் சமிக்ஞை குறைவதற்குக் காரணம், அலை தகரத்தில்
(1) முறிவடைதல் (2) தெறித்தல் (3) கதி கூடுதல் (4) மீடிறன் மாறுதல்

பகுதி 2 – அமைப்புக் கட்டுரை வினா

ரத்தொட்டைப் பகுதித் தோட்டமொன்றில் தகரக் கூரையுள்ள வீட்டில் வசிக்கும் மாணவி ஒருத்தி, 500 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் வரும் பாடத்தைப் பார்க்க முயல்கின்றாள். படம் புள்ளிகளாகவும் இரட்டை உருவமாகவும் தோன்றுகின்றது.

(அ) புள்ளிகள் தோன்றுவதற்கு இரண்டு காரணங்கள் தருக.
(ஆ) அவளுடைய அன்ரனாவின் ஒரு கோலுக்குரிய நீளத்தைக் கணிக்க.
(இ) 40 சென்ரிமீற்றர் அகலத் திரையில் நிழல் உருவம் 0.5 சென்ரிமீற்றர் விலகியுள்ளது. தெறித்த அலையின் மேலதிக தூரத்தைக் கணிக்க.
(ஈ) கடைக்காரர் பூஸ்டர் வாங்குமாறு கூறுகின்றார். இரட்டை உருவம் அதனால் நீங்குமா? விளக்குக.
(உ) செலவின்றி அவள் செய்யக்கூடிய இரண்டு மாற்றங்களைக் கூறுக.

விடைகள்

பகுதி 1: 1 – (2), 2 – (3), 3 – (2)

பகுதி 2:
(அ) மலைகள் அலையை மறைத்தல். தகரக் கூரையில் அலை தெறித்தல்.
(ஆ) அலைநீளம் = (3 × 10⁸) ÷ (500 × 10⁶) = 0.6 மீற்றர். ஒரு கோல் = 60 ÷ 4 = 15 சென்ரிமீற்றர்.
(இ) நேரம் = 0.5 × 1.3 = 0.65 மைக்குரோ செக்கன். தூரம் = 3 × 10⁸ × 0.65 × 10⁻⁶ = 195 மீற்றர்.
(ஈ) நீங்காது. பூஸ்டர் நேர் அலையையும் தெறித்த அலையையும் ஒரே அளவில் பெருக்கும்.
(உ) அன்ரனாவை யன்னலருகே கொண்டு செல்லல். தெறித்த அலை வரும் பக்கம் கோலின் நுனி இருக்குமாறு திருப்புதல்.

மாணவர் கவனத்துக்கு: (ஆ), (இ) போன்ற வினாக்களில் மெகாஹேர்ட்ஸை ஹேர்ட்ஸாகவும், மைக்குரோ செக்கனைச் செக்கனாகவும் மாற்றிய பின்னரே பிரதியிடுக. இறுதி விடையுடன் அலகை எழுதத் தவற வேண்டாம். இங்கு பெற்ற எண்களை உமது வீட்டு அன்ரனாவில் ஒரு முறை அளந்து பார்த்தால், பரீட்சை மண்டபத்தில் சூத்திரம் மறக்காது.